புதுப்பிப்பு: தண்டவாள சைக்கிள் வளைவைத் தாண்டிவிட்டது

அமெரிக்காவில் எங்கள் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரக்குப் பாதையில், உரிமையாளர் அனுமதியோடு நான் ஓட்டும் தண்டவாள சைக்கிள் வளைவு வந்தாலே தடம் புரள்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1435 மி.மீ. என்று நம்பி, எதிர்த் தண்டவாளத்துக்கு நீளும் பக்கக் குழாயை அசையாதபடி வெல்டிங் செய்திருந்தேன். ஆனால் கூர்மையான வளைவுகளில் அந்த இடைவெளியைச் சற்றுக் கூட்டியே போடுவார்கள், தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இப்போது குழாய்க்குள் குழாய் நகரும்படி செய்து, நடுவில் ஸ்பிரிங் வைத்திருக்கிறேன்.

நேற்று முழு வளைவையும் போய்த் திரும்பினேன். ஹேண்டில்பாரைத் திருப்பவே வேண்டாம், மிதித்தால் போதும். என்ன சுகம் அது! ரயில் ஓடும் பாதையில் மட்டும் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள்.

அப்புறம் பிரேக். ஈரத் தண்டவாளத்தில் டயர் வழுக்குகிறது, அடுத்த வேலை அதுதான்.