மார்ச் மாசப் படம் மட்டும் வேணும்

*தம்பி, காலை 7:42*
வீட்டு லினக்ஸ் பெட்டியில /டேட்டா/படம் உள்ள ஏகப்பட்ட ஃபோல்டர். 2024 மார்ச்ல உள்ளது மட்டும் தனியா வேணும். ஃபைல் தேடுற ஃபைண்ட் கமாண்டுல -எம்டைம் (ஃபைல் கடைசியா மாறின நேரம்) போட்டா ஏன் ஒரு நாள் முன்னே பின்னே போகுது?

*மதுரை சித்தப்பா, 7:50*
-எம்டைம் காலண்டரே பார்க்காதுடா. இந்த நொடியிலிருந்து பின்னாடி 24 மணி நேரமா எண்ணும், மிச்ச மணிகளை உதறிடும். அதனால +7னா 7 நாள் தாண்டினது இல்ல, முழுசா 8 நாள் ஆனது. -7னா 7 நாளுக்குள்ள. வெறும் 7னா ரெண்டுக்கும் நடுவுல. காலையில ஒரு விடை, ராத்திரி ஒரு விடை.

*தம்பி, 7:51*
-டேஸ்டார்ட் போட்டா?

*மதுரை சித்தப்பா, 7:56*
இன்னிக்கு, நேத்துன்னு நாள் கணக்கு சரியா வரும். -எம்டைமுக்கு முன்னாடி போடணும். ஆனா ஒரு மாசத்துக்கு அது சுத்துவழி. இதைப் போடு:

ஃபைண்ட் /டேட்டா/படம் -டைப் எஃப் -நியூவர்எம்டி '2024-03-01' ! -நியூவர்எம்டி '2024-04-01' -எல்எஸ்

தமிழ்ல அடிச்சிருக்கேன். டெர்மினல்ல எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. நியூவர்எம்டி ஒட்டி ஒரே சொல், அந்தத் தேதிக்கு அப்புறம் மாறினதுன்னு அர்த்தம். முன்னாடி ஆச்சரியக்குறி வந்தா 'அப்படி இல்லாதது'. கடைசி -எல்எஸ் பட்டியல் காட்டும். ஆச்சரியக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடம் விடு.

*கோவை அக்கா, 8:03*
நேரம் போடலைன்னா நள்ளிரவு 00:00:00னு எடுத்துக்கும். அந்த நொடிக்கு *அப்புறம்* உள்ளதுதான் வரும், சமமா இருந்தா வராது. கேமரா படத்துக்கு இதனால ஒண்ணும் ஆகாது. ஆனா அப்பாவோட ஸ்கேன்களுக்கு, தேதி மாத்துற டச் கமாண்டுல டச் --டேட்='2024-03-01'னு கையால தேதி ஒட்டியிருந்தா, எல்லாம் அச்சா நள்ளிரவுல உக்காந்திருக்கும். மார்ச் 1 விட்டுப்போகும், ஏப்ரல் 1 உள்ள வந்துடும். எல்லையை '2024-02-29 23:59:59', '2024-03-31 23:59:59'னு வை. லீப் வருஷம், 29 உண்டு.

*மதுரை சித்தப்பா, 8:05*
கரெக்ட்மா. பெட்டி யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடுதான்னும் பாரு. அதோட நள்ளிரவு நமக்குக் காலை 5:30. அப்படின்னா கமாண்டுக்கு முன்னாடியே டிஇசட்=ஏசியா/கொல்கத்தா சேர்த்துடு. அந்த டிஇசட் மட்டும் பெரிய எழுத்து, ஊர் பேர்ல முதல் எழுத்துங்க பெரிசு.

*சென்னை அத்தான், 8:20*
மாமா, அதெல்லாம் சரி. அந்த எம்டைமையே நம்பலாமா? படம் எப்படி பெட்டிக்கு வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். காப்பி கமாண்டான சிபியை வெறுமனே போட்டிருந்தா காப்பி பண்ண நேரம்தான் தேதியா நிக்கும். சிபி -பி, இல்ல இன்னொரு காப்பி கமாண்டான ஆர்சிங்க் -ஏ மாதிரி போட்டிருந்தா பழைய தேதி நிக்கும். ஒரு ஃபோல்டர்ல எல்எஸ் -எல் போட்டுத் தேதிகளைப் பாரு மாப்ள. எல்லாத்துக்கும் ஒரே தேதின்னா தேடியும் புண்ணியமில்ல.

*தம்பி, 8:26*
வாட்ஸ்அப் ஃபோல்டர் பூரா ஒரே தேதிதான் அத்தான்.

*சென்னை அத்தான், 8:33*
அதுக்குப் பேர்லயே தேதி இருக்கே. ஐஎம்ஜி-20240315-டபிள்யூஏ0007ங்கிற மாதிரி. -நியூவர்எம்டி ரெண்டையும் தூக்கிட்டு -நேம் 'ஐஎம்ஜி-202403*' போடு. இதுல ஐஎம்ஜி மட்டும் பெரிய எழுத்து. மேற்கோள்குறி கட்டாயம், இல்லைன்னா நட்சத்திரத்தை ஷெல் (நீ அடிக்கிற கமாண்டைப் படிக்கிற ப்ரோகிராம்) முதல்லயே விரிச்சுடும். ஒண்ணு ஞாபகம் வை, அது அனுப்பின, வந்த தேதி. எடுத்த தேதி வாட்ஸ்அப் படத்துல கிடைக்காது, எக்ஸிஃபை (கேமரா படத்துக்குள்ள எழுதி வைக்கிற தகவல்) அது உரிச்சுடும்.

கேமராவிலிருந்து நேரா வந்த படத்துல எக்ஸிஃப் இருக்கும். எக்ஸிஃப்டூல் '-ஃபைல்மாடிஃபைடேட்<டேட்டைம்ஒரிஜினல்' -ஆர் அப்புறம் ஃபோல்டர் பேர். எடுத்த தேதி எம்டைமுக்கு வந்துடும். அதுக்கப்புறம் மாமா சொன்ன ஃபைண்ட் ஒழுங்கா வேலை செய்யும். இங்கயும் மேற்கோள்குறி விட்டா < குறியை ஷெல் முழுங்கிடும்.

*கோவை அக்கா, 8:37*
யாராவது -சிடைம் போடச் சொன்னா கேட்காதே. அது உருவான தேதி இல்ல. பேர் மாத்தினாலும் சிஎச்மாட் போட்டு அனுமதியை மாத்தினாலும் மாறிடும்.

*தம்பி, 8:41*
சரிக்கா. பட்டியல் சரியா வருது. காப்பி பண்ண?

*மதுரை சித்தப்பா, 8:49*
கடைசியில இருக்கிற -எல்எஸ்ஸை எடுத்துட்டு:

-எக்ஸெக் சிபி -பி --பேக்கப்=நம்பர்ட் --டார்கெட்-டைரக்டரி=/டேட்டா/மார்ச் {} +

முடிவுல + போட்டா நிறைய ஃபைலை ஒரே சிபிக்குக் கொடுக்கும், பேர்ல இடைவெளி இருந்தாலும் உடையாது. வேற வேற ஃபோல்டர்ல ஒரே பேர் இருந்தா பேக்கப் இல்லாம ஒண்ணு போயிடும். மார்ச் ஃபோல்டரைப் படம் ஃபோல்டருக்குள்ள வைக்காதே, அடுத்த தடவை காப்பியையும் சேர்த்துப் பிடிக்கும்.

பழசை அழிக்கிற யோசனை இருந்தா -டிலீட் எப்பவும் கடைசிச் சொல். அதை நிபந்தனைகளுக்கு முன்னாடி வச்சா தேதியைப் பார்க்காம எல்லாத்தையும் துடைச்சுடும்.

*கோவை அக்கா, 8:52*
என் மேக்ல -நியூவர்எம்டி உண்டு. -டேஸ்டார்ட்டும் சிபியோட அந்த டார்கெட், பேக்கப் ரெண்டும் கிடையாது, அதனால இதை லினக்ஸ் பெட்டியிலயே ஓட்டு. முதல்ல எம்கேடிர் /டேட்டா/மார்ச்னு போட்டு ஃபோல்டரை உருவாக்கு. ஃபோல்டர் இல்லைன்னா சிபி எரர் அடிக்கும்.