புதுப்பிப்பு: புடாபெஸ்ட் போய் வந்தேன், எஸ்டெர்கோமுக்கும் சேர்த்து

மூன்று நாளையும் புடாபெஸ்டிலேயே கழிப்பதா, ஒரு நாளை, நகருக்கு வடக்கே டான்யூப் ஆறு வளைந்து திரும்பும் டான்யூப் வளைவுப் பகுதிக்கு ஒதுக்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பக்கத்திலுள்ள செந்தெந்திரே என்ற சிற்றூர் போதும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். நான் இன்னும் தள்ளி, நியுகாட்டி நிலையத்திலிருந்து ரயிலேறி எஸ்டெர்கோம் போனேன். அந்த முடிவில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

புடாபெஸ்டுக்கு முன்பே ஹங்கேரி அரசர்கள் அமர்ந்த ஊர் அது. குன்றின்மேல் நாட்டின் மிகப் பெரிய தேவாலயம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கீழே இருக்கும் மரியா வலேரியா பாலம். 1895இல் கட்டியது, 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உடைந்த தூண்களாகவே நின்று, 2001இல்தான் மீண்டும் திறந்தது. இப்போது நடந்தே ஸ்லோவாக்கியாவின் ஷ்டூரோவோவுக்குப் போய்விடலாம். அங்கே ஹங்கேரி நாணயமான ஃபோரின்ட் இல்லை, யூரோ. எதிர்க்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் குன்றும் கோபுரமும் ஆறும் ஒரே பார்வையில் விழுகின்றன. அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

தலைநகரின் சங்கிலிப் பாலத்தைத் திரும்ப வந்து பார்த்தபோது அதுவும் வேறாகத் தெரிந்தது. 1849இல் திறந்த அதுவும் அதே போரில் தகர்ந்து எழுந்ததுதான். கரைவிளக்குகள் எரியும் நேரத்தில் ஒருமுறையாவது அதை நடந்து கடந்துவிடுங்கள்.

செந்தெந்திரே போகிறவர்களுக்கு ஒன்று: புறநகர் ரயிலில் நகரப் பயணச்சீட்டு நகர எல்லைவரைதான் செல்லும், மிச்சத் தூரத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

அதே டான்யூப் வளைவிலுள்ள விஷெக்ராத் கோட்டைக்கு நேரமில்லை. அடுத்த முறை அங்கிருந்துதான் தொடங்குவேன்.