கபடியில் வயிற்றில் முழங்கால் இடி, மறுநாள் இடது தோளில் வலி: காத்திருக்கலாமா?

உடற்கல்வி ஆசிரியர்:
பையனுக்கு 11 வயது. நேற்று மாலை 5 மணிக்குக் கபடியில், பிடிக்க வந்தவனின் முழங்கால் இவனுடைய இடது விலாவுக்குக் கீழே இடித்துவிட்டது. கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்துக்கொண்டது, பிறகு எழுந்து நடந்துவிட்டான். கன்றிப்போகவில்லை, வீக்கமும் இல்லை. இன்று காலை வயிறு வலிக்கிறதாம், படுத்தால் இடது தோள்பட்டையும் வலிக்கிறதாம். தோளில் அடியே படவில்லை. வாயுப் பிடிப்பு என்று வீட்டில் பெருங்காயப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வரை பார்க்கலாமா?

அவசரப் பிரிவு செவிலியர்:
பார்க்க வேண்டாம் சார், இப்போதே கிளம்புங்கள். அந்தத் தோள்வலிதான் கவலைப்பட வேண்டியது. இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்தால், அது மேலே உள்ள உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உறுத்தும். அதற்குப் போகும் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியும். படுத்தால் கூடுவதும் அதனால்தான். சின்னப் பிள்ளைகளின் விலா எலும்பு வளைந்து கொடுக்கும், லேசில் ஒடியாது. வெளியே ஒரு தடமும் இல்லாமல் உள்ளே கிழிந்திருக்கலாம்.

பற்றுப் போட்டது போதும், எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவவே கூடாது. சாப்பாடு, தண்ணீர், கஷாயம் எதுவும் வேண்டாம். இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். 108ஐக் கூப்பிட்டுப் படுக்க வைத்தே கொண்டுபோங்கள். வண்டி வரும்வரை ஒரு முழு நிமிடம் நாடி எண்ணி, நேரம் போட்டு எழுதுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே 120ஐத் தாண்டினாலோ, ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனாலோ வந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ரத்தம் நிறையப் போன பிறகுதான் பிரஷர் விழும். பிபி நார்மல் என்று யாராவது சொன்னால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

குழந்தைகள் அறுவை மருத்துவர்:
சிடி ஸ்கேனும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள இடத்துக்கே நேரே போங்கள். அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம் இல்லை என்று வந்தாலும் விஷயம் முடியாது, உறுப்புக்குள்ளேயே கட்டி நிற்கலாம். முதல் ஹீமோகுளோபினும் ஏமாற்றும். ரத்தம் போன உடனே அளவு குறையாது, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இடது சிறுநீரகமும் பக்கத்திலேயே இருப்பதால் சிறுநீரையும் பரிசோதிப்பார்கள்.

பெற்றோர் பயந்திருப்பார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை, நாடியும் பிரஷரும் நிலையாக இருந்தால் படுக்க வைத்துக் கண்காணிப்பதே சிகிச்சை என்று சொல்லுங்கள். உண்மையான தொல்லை வீட்டுக்கு வந்த பிறகுதான். வலி போனதும் பையன் களத்தில் இறங்கப் பார்ப்பான். காயத்தின் கிரேடோடு, அதாவது கிழிசல் எவ்வளவு பெரிது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லும் எண்ணோடு, 2ஐக் கூட்டுங்கள், அத்தனை வாரம் ஓட்டம், சைக்கிள், கபடி கிடையாது. கிரேடு 3 என்றால் 5 வாரம். அது உங்கள் பொறுப்பு சார்.

விளையாட்டு மருத்துவர்:
இந்தப் பையனுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் பி.டி. பீரியடில் உதவும். சைக்கிள் ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் சிறுகுடலின் தொடக்கமும் கணையமும் முதுகெலும்போடு சேர்த்து நசுங்கும். அன்று நன்றாகச் சாப்பிடுவான், ஓரிரு நாள் கழித்துப் பச்சையாக வாந்தி எடுப்பான். தொப்புளுக்கு மேலே வட்டமான தடம் தெரிந்தாலே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. விளையாடிவிட்டு வந்து அடிவயிறு வலிக்கிறது என்னும் பையனிடம் விதையில் வலியா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூச்சத்தில் வயிறு என்றுதான் சொல்வான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், அதற்கு மேல் போகப் போக விதை பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும்.

உடற்கல்வி ஆசிரியர்:
108க்குச் சொல்லியாச்சு. நாடி 112. காலை 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறான், அதைச் சொல்லணுமா?

அவசரப் பிரிவு செவிலியர்:
கட்டாயம் சொல்லுங்கள், நேரத்தோடு. மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பாருங்கள்.