ஒரே பிடிஎஃப்: ஆபீஸ் பிளாட்டரில் சரி, சைட் பக்கத்துக் கடையில் ஸ்கேல் குறைகிறது

திருச்சி_ஆர்க்கி

வணக்கம். திருச்சியில் சின்ன ஆர்கிடெக்ட் ஆபீஸ் எங்களுடையது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மதுரையில் இருக்கிறார், இப்போதைய சைட் காரைக்குடியில். முன்பெல்லாம் பிரிண்டுகளைச் சுருட்டி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். சமீபத்தில் நெட்டில் இணையும் 36 இஞ்ச் பிளாட்டர் (ரோல் பேப்பரில் பெரிய டிராயிங் அடிக்கும் பிரிண்டர்) வாங்கினோம். பொது ஃபோல்டரில் பிடிஎஃப் விழுந்தால் அதுவே அடித்துவிடும். இன்ஜினியரும் மதுரையிலிருந்தே அதில் போடுகிறார். சைட்டுக்கு வேண்டிய பிரிண்டை காரைக்குடியில் ஒரு பிளாட்டிங் கடை அதே ஃபோல்டரிலிருந்து எடுத்து, 24 இஞ்ச் ரோலில் ஏ1 ஷீட்டாக (594க்கு 841 மி.மீ.) அடித்துத் தருகிறது. அலைச்சல் மிச்சம்தான், ஆனால் மூன்று தலைவலி.

ஒன்று, 1:100 டிராயிங்கில் 12 மீட்டர் சுவர் 120 மி.மீ. வரவேண்டும். கடைப் பிரிண்டில் 110தான் வருகிறது. நாங்கள் போடும் பிளான்களில் இந்தச் சிக்கல் இல்லை. இன்ஜினியர் போடும் பில்லர், பீம் லேஅவுட்களில் மட்டும். அதே ஃபைல் எங்கள் மெஷினில் மிகச்சரியாக விழுகிறது. மேஸ்திரி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டைச் சின்னதாக்கிட்டீங்களா?" என்கிறார்.

இரண்டு, டிராயிங்கில் மேஸ்திரிக்காக எழுதும் தமிழ்க் குறிப்புகள் கடையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகின்றன.

மூன்று, போன வாரம் பழைய பீம் டிராயிங் அடித்து சைட்டுக்குப் போய்விட்டது. கம்பி வளைப்பதற்குள் பிடித்துவிட்டோம்.

கேட்_ராஜா

முதல் பிரச்சினைக்கு விடை சுலபம். கடையில் 'ஃபிட் டு பேஜ்' (பேப்பருக்குள் அடங்கும்படி சுருக்குவது) வைத்திருப்பார்கள். எடுத்துவிட்டு 100% அடிக்கச் சொல்லுங்கள்.

திருச்சி_ஆர்க்கி

சொல்லிப் பார்த்தாயிற்று அண்ணா. 100% வைத்தால் வலது ஓரத்தில் டைட்டில் பிளாக் (டிராயிங்கின் பெயர் விவரம் எழுதும் கட்டம்) வெட்டுப்படுகிறது. அதனால்தான் ஃபிட் வைக்கிறேன் என்கிறார் கடைக்காரர்.

ரோல்36

வெட்டுப்படுகிறது என்றீர்களே, விஷயம் அதிலேயே இருக்கிறது. 841-ஐ 914-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.92 வரும். 120 மி.மீ.-ஐ அதால் பெருக்கினால் 110.4. உங்கள் கடைப் பிரிண்டில் வரும் அதே அளவு.

914 எங்கிருந்து வந்தது? அமெரிக்க 'ஆர்ச் டி' ஷீட்டின் நீளம் அது: 24க்கு 36 இஞ்ச், அதாவது 610க்கு 914 மி.மீ. உங்கள் இன்ஜினியரின் டெம்ப்ளேட் எங்கோ டவுன்லோடு செய்ததாக இருக்கும், பேப்பர் சைஸ் ஆர்ச் டி-யிலேயே நின்றிருக்கும். நம்மூர்க் கடை அதை 841 நீள ஏ1-இல் அடைக்கப் பார்க்கிறது. உங்களிடம் இருப்பது அகல ரோல் என்பதால் முழு ஷீட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. உங்கள் பிளான்கள் ஏ1-இல் இருக்கின்றன. 594 அகலம் 24 இஞ்ச் ரோலான 610-க்குள் ஓரம் விட்டு அடங்கும், அதனால் அவை தப்பித்தன. கடைக்காரர் மேல் தப்பில்லை.

இன்ஜினியரிடம் பேஜ் செட்டப்பை 'ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் ஏ1'-க்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபிரேமையும் டைட்டில் பிளாக்கையும் அந்த அளவுக்குள் இழுத்துப் போட வேண்டியிருக்கும். வியூபோர்ட் (ஷீட்டில் டிராயிங் தெரியும் சட்டம்) ஸ்கேலை யாரும் தொட வேண்டாம், அது 1:100-லேயே இருக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு. ஏ1-ஐ ஏ3-ஆகச் சுருக்கினால் சரிபாதி, 1:100 அப்படியே 1:200 ஆகும். ஆர்ச் டி-யின் விகிதம் 2:3 என்பதால் ஏ3-இல் அது ஒழுங்காக உட்காராது. எதற்கும் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு ஸ்கேல் பார் (அளவு குறித்த கோடு) வரைந்து வையுங்கள். அப்புறம், மேஸ்திரியிடம் சொல்லுங்கள்: ஸ்கேல் வைத்து அளப்பது சரிபார்க்கத்தான், கட்டுவது எழுதியிருக்கும் அளவைப் பார்த்து.

வரைகலை_செல்வி

தமிழ் எழுத்துக்கு: பாமினி மாதிரி பழைய ஃபான்ட் பயன்படுத்துகிறீர்களா? அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் இல்லாத மெஷினில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். டிராயிங் வரையும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் பிடிஎஃப் ஆப்ஷன்ஸுக்குள் ஃபான்ட்டையும் சேர்த்து வைக்க ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்றும் டிக். அப்புறம் அந்த பிடிஎஃபில் சொல்லைத் தேட முடியாது, பிரிண்டுக்கு அது போதும்.

கேட்_ராஜா

மூன்றாவதுக்கு வாட்ஸ்அப்பே போதாதா? கடைசி பிடிஎஃபை குரூப்பில் போடுங்கள், கடைக்காரர் அதை அடிக்கட்டும்.

ரோல்36

குரூப்பில் பத்து ஃபைல் வந்த பிறகு எது கடைசி என்று யாருக்குத் தெரியும் ராஜா? அதைவிட, பாதிப் பேர் டாக்குமென்டாக அனுப்பாமல் போட்டோவாக அனுப்புகிறார்கள், கோடெல்லாம் மங்கிப் போகிறது.

என் கணிப்பில் மூன்றில் பெரிய ஆபத்து இதுதான். ஸ்கேல் தப்பு கண்ணில் பட்டுவிடும். பழைய டிராயிங் பார்க்க அழகாகவே இருக்கும். போட்டதும் அடிக்கும் ஃபோல்டருக்கு எது முடிந்த டிராயிங், எது பாதியில் நிற்பது என்று தெரியாது. கட்டட வேலைத் தகவல்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 19650-இல் நான்கு நிலை சொல்லியிருக்கிறார்கள்: வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, பழையது. பெரிய கம்பெனிக்கென்று எழுதியதுபோல் தெரியும், ஆனால் உங்களுக்கு நாலு ஃபோல்டர், அவ்வளவுதான். பிளாட்டரும் கடையும் 'வெளியிட்டது' ஒன்றை மட்டும் பார்க்கட்டும். அதற்குள் ஃபைலை நகர்த்தும் உரிமை உங்கள் ஆபீஸில் ஒரே ஒருவருக்கு. புதுசு உள்ளே வரும்போதே பழசு நான்காவதுக்குப் போய்விட வேண்டும், கடைக்காரருக்கு அந்த ஃபோல்டரே தெரியக் கூடாது.

பெயரிலும் கண்டிப்பு வேண்டும். 'பீம்-ஃபைனல்-புதுசு-2' என்றெல்லாம் வேண்டாம். ஷீட் எண், அதன்பின் திருத்த எண். இரண்டும் டைட்டில் பிளாக்கில் தேதியோடு இருக்கட்டும். முடிந்தால் அங்கேயே ஒரு கியூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் அந்த ஷீட்டின் நடப்புத் திருத்தம் திறக்கிற மாதிரி. சைட் சூப்பர்வைசர் போனை நீட்டினால் கையில் இருப்பது பழசா என்று தெரிந்துவிடும். உங்கள் பிளாட்டரில் வேலையை நிறுத்தி வைத்துப் பார்த்தபின் அடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மெயிலில் அனுப்பினால் அடிக்கும் வசதியும் இருந்தால், யார் யார் அனுப்பலாம் என்ற பட்டியலையும் கட்டுங்கள். இல்லாவிட்டால் இங்க் யார் காசில் கரைகிறது என்றே தெரியாது.

திருச்சி_ஆர்க்கி

841/914 அண்ணாவுக்கு நன்றி! மதுரையில் கேட்டேன், ஆர்ச் டி-யேதான். இன்ஜினியர் சார் இன்று ஒரு ஷீட்டை மாற்றிப் போட்டார், கடையில் 120 வந்தது. தமிழும் டிக் போட்டதும் சரியாகிவிட்டது. ஃபோல்டர்களை நாளை பிரிக்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சைட்டில் சிவப்புப் பேனாவில் திருத்துவதை எப்படித் திரும்ப வாங்குவது? ஸ்கேனர் சேர்ந்த பிளாட்டர் வாங்கியிருக்க வேண்டுமோ?

வரைகலை_செல்வி

அதற்காக மெஷினை மாற்றாதீர்கள். திருத்துபவர் சைட்டில் இருக்கிறார், ஸ்கேனர் உங்கள் ஆபீஸில் இருந்து என்ன பயன்? திருத்திய இடத்தைத் தனியாக, டைட்டில் பிளாக்கை இன்னொன்றாக, இரண்டு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். டைட்டில் பிளாக் படம் இல்லாமல் வரும் திருத்தத்தை வாங்கவே வாங்காதீர்கள். எந்தத் திருத்த எண் மேல் எழுதினார்கள் என்று தெரியாவிட்டால் அதை வைத்து வரைய முடியாது. படங்கள் 'பகிர்ந்தது' ஃபோல்டருக்கு வரட்டும், மதுரைக்காரரும் பார்ப்பார்.

திருச்சி_ஆர்க்கி

சரி மேடம், சூப்பர்வைசரிடம் இன்றே சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவது இனி சாம்பிள் டைல்ஸுக்கு மட்டும்தான்.