வடாமோடு போன தார்ப்பாய்: சோலார் இணைப்பில் எங்கள் அனுபவங்கள்

மொட்டை மாடியில் 335 வாட் பேனல்கள் மூன்றையும் கீழே 24 வோல்ட் பேட்டரி அமைப்பையும் நானே இணைத்திருந்தேன். அதில் நான் செய்த தவறு எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் தராமல் சுவரிலேயே உட்கார்ந்திருந்தது.

பேனலுக்கும், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் நடுவே ஓர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் பிரேக்கர் சுவிட்ச்) வேண்டும் என்பது தெரிந்திருந்ததால், வீட்டு வயரிங்கில் மிச்சமிருந்த 16 ஆம்பியர் எம்சிபியை அங்கே மாட்டிவிட்டேன். மூன்று பேனல்களும் தொடராக இணைந்திருந்ததால் மின்சாரம் எதற்கும் போகாத நிலையில் 135 வோல்ட் வரை வரும். 230 வோல்ட்டைத் தாங்குகிற பிரேக்கர் இதைத் தாங்காதா என்பது என் கணக்கு. பேனலைத் துடைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் அணைப்பேன்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், பதினோரு மணி வெயிலில் லீவரைக் கீழே தள்ளியபோது, வழக்கமான ‘டக்’ ஓசைக்குப் பின் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சத்தம் நிற்காமல் கேட்டது. லீவர் அணைந்த நிலையில்தான் இருந்தது. ஆனால் அதன் இடுக்கில் நீல வெளிச்சம் தெரிந்தது, பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் வந்தது. பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் என் கூச்சல் கேட்டு ஓடி வந்தார். மாடிக்கு ஏறி பேனல் கனெக்டரைப் பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, “பிடுங்காதீங்க தம்பி, இதே நெருப்பு அங்கேயும் வரும்” என்றார். பிறகு, அத்தை வடாம் பிழிந்து வைத்திருந்த தார்ப்பாயை வடாமோடு உருவி, பேனல்களின் மேல் போர்த்தினார். வெயில் மறைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. அத்தை மட்டும் இன்னும் அடங்கவில்லை.

வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுச் செல்வதால், பிரேக்கருக்குள் எழும் தீப்பொறி தானாகவே அணைய வாய்ப்புக் கிடைக்கிறது. பேனலிலிருந்து வரும், ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்துக்கு அந்த இடைவெளியே கிடையாது. இப்போது டிசிக்கென்றே செய்த இரட்டை முனை எம்சிபி போட்டிருக்கிறேன். அதிலும் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும் என்பதையும், அதை மாற்றிக் கொடுத்தால் தீப்பொறி அணையாமல் போகக்கூடும் என்பதையும் அண்ணன்தான் காட்டினார்.

குழுவின் இன்னொரு உறுப்பினர்:

என் அனுபவம் பேட்டரியோடு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற துணிச்சலில், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், கொள்ளளவின் அலகு) பேட்டரியின் டெர்மினலை வெறும் ஸ்பேனரால் முறுக்கினேன். அதன் மறுமுனை எதிர் டெர்மினலில் பட்ட கணத்தில் கண் கூசும் வெளிச்சம். கையை உதறியதால் தப்பித்தேன், ஸ்பேனரின் நுனி உருகிப் பள்ளமாகிவிட்டது. இப்போது ஸ்பேனரின் பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப், பிளஸ் டெர்மினலை ஒட்டியே ஃபியூஸ், விரலில் மோதிரமும் இல்லை. உங்களிடம் ஒரு சந்தேகம்: கன்ட்ரோலரில் முதலில் எதை இணைக்கிறீர்கள்?

முதலில் எழுதியவர்:

பேட்டரியை முதலில், பேனலைப் பிறகு. கழற்றும்போது பேனல்தான் முதலில். கன்ட்ரோலரின் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கும் முன்னதாகத் தார்ப்பாயை விரித்துவிடுகிறோம். அதற்கென்று தனியாக ஒன்று வாங்கியாகிவிட்டது.