புதுப்பிப்பு: பழைய சீட் டிரில் வாங்கியாச்சு

சிறு நிலத்துக்குப் பழைய சீட் டிரில் (டிராக்டரில் மாட்டி விதையையும் உரத்தையும் வரிசையாகப் போடும் மெஷின்) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் 1.8 மீட்டர் அகலமுள்ளதை எடுத்துவிட்டேன், டிராக்டர் திணறாமல் தூக்குகிறது, ஓரத்தில் திருப்பவும் இடம் போதும்.

பெயிண்டைப் பார்த்து மயங்காதே என்று பலர் சொன்னீர்கள், சரிதான். உரப்பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையானால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை, விதை தள்ளும் உருளைகளில் ஒன்று இறுகியிருந்தாலும் அந்த வரிசை காலிதான். விதைக்குழாய் வெடித்திருப்பதெல்லாம் சும்மா, மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் விதை அளவு. பழைய மெஷினில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நம்பவே வேண்டாம், உருளை தேய்ந்திருக்கும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி 25 சுற்று சுற்றி, விழும் விதையை ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகப் பிடித்து எடைபோட்டேன். சக்கரச் சுற்றளவு 2 மீட்டர், மெஷின் அகலம் 1.8 மீட்டர் என்பதால் அது 90 சதுர மீட்டருக்கான விதை, மொத்த எடையை 45-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான அளவு வந்துவிடும். குழாய்க்குக் குழாய் எடை ரொம்ப மாறினால் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இனி மண்ணைக் கீறும் டிஸ்க்குகளின் பேரிங் இரண்டை மாற்ற வேண்டும், லேசாக ஆடுகின்றன.