பிராட்வுர்ஸ்ட்: தோசைக்கல்லா, சிரட்டைக் கரியா, வினிகரா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்பை வாத்தியார்:
பெங்களூரில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் பன்றிக்கறி பிராட்வுர்ஸ்ட் (தோலுக்குள் கொத்துக்கறி அடைத்த ஜெர்மன் சாசேஜ்) கொண்டுவருகிறான். தோசைக்கல்லில் நேராகப் போட்டால் தோல் கருகும், நடு பச்சையாகவே நிற்கும். அதனால் அகலமான வாணலியில் அரை அங்குலம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் வேக விடுகிறேன். தண்ணீர் வற்றியதும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு உருட்டி உருட்டிச் சிவக்க வைத்தால் சரி. முள்கரண்டியால் குத்தவே கூடாது. கொழுப்பு ஒழுகிவிட்டால் சக்கைதான் மிஞ்சும்.

பாளை அண்ணாச்சி:
வாத்தியார் சொல்வது சரிதான், ஆனாலும் கரி நெருப்புக்கு ஈடு இல்லை. நான் ஜெர்மனியில் நியூரம்பர்க்கில் வேலை பார்த்தேன். அந்த ஊர் பிராட்வுர்ஸ்ட் விரல் நீளம்தான்: 7 முதல் 9 சென்டிமீட்டர், ஒன்று 20–25 கிராம். பீச் (beech) மரக்கட்டைத் தணலில் சுட்டு, ஒரு பன்னுக்குள் மூன்றாக வைத்துத் தருவார்கள். பீச் மரத்துக்கு நாம் எங்கே போக? சிரட்டையை எரித்து, சாம்பல் பூத்த பிறகு கம்பிவலை வைத்துச் சுடுகிறேன். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் சட்டென்று ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.

அதே ஊரில் ‘ஸௌரே ட்ஸிப்ஃபெல்’ என்று இன்னொரு பக்குவம் உண்டு. தண்ணீர், வினிகர், வட்டமாக நறுக்கிய வெங்காயம், பிரிஞ்சி இலை, மிளகு எல்லாவற்றையும் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்த பிறகு பச்சை பிராட்வுர்ஸ்டைப் போட்டு, கொதி வராமல் இருபது நிமிடம் வைப்பது. எண்ணெயே கிடையாது. லேசாக நீலம் பாய்ந்து வெளிறிப்போய் இருக்கும், பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் ருசி! அவர்கள் அந்தச் சாற்றோடு ரொட்டி சாப்பிடுவார்கள். என் மாமியார் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்துவிட்டு, “ரசத்துக்கு இது பரவாயில்லை” என்றார்.

தென்காசி மைனி:
அண்ணாச்சி, எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது உறைய வைத்த சிக்கன் சாசேஜ்தான். அது பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது, பாக்கெட்டில் போட்டிருக்கும். அதைப் போய்த் தண்ணீரில் வேகவைத்தால் சொதசொதத்துவிடும். பனி விட்டதும் நேரே எண்ணெய்தான். நியூரம்பர்க் மணம் வேண்டுமென்றால் மார்ஜோரம் போட வேண்டும். கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறார்களே மரு, அதே செடிதான். பூக்கடை மருவில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ, நம்ப முடியாது. தொட்டியில் வளர்த்த கொழுந்தைக் கிள்ளிச் சின்ன வெங்காயத்தோடு வதக்குகிறேன்.

மில்வாக்கி மக்கா:
இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் பீரில் வேகவைத்துவிட்டுச் சுடுகிறவர்கள் நிறைய. இதே மாநிலத்து ஷெபாய்கன் ஊர்ப் பழைய ஆட்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பச்சையாகவே கரியில் சுட வேண்டும், பீரும் வெண்ணெயும் வெங்காயமும் போட்ட சட்டியில் அப்புறம்தான் இறக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். லீவுக்கு வீரவநல்லூர் வந்தபோது அம்மா பீர் பாட்டிலை அடுக்களைக்குள் விடவில்லை. கோழி சூப்பில் போட்டேன், குறை ஒன்றும் இல்லை. எப்படிச் செய்தாலும் பன்றிக்கறி என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும்.

அம்பை வாத்தியார்:
அண்ணாச்சி, அந்த வினிகர் கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான்.

பாளை அண்ணாச்சி:
ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். புளிப்பு ஆகாதவர்கள் இருந்தால் நான்கு. உப்போடு ஒரு சிட்டிகைச் சீனியும் போடுங்கள். கருப்பட்டி வேண்டாம், சாறு கறுத்துவிடும்.